விதை போடும் முன்பே சொல்லிவிடுங்கள்: பினாங்கு ஆலய நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் ஆலயங்களை நடத்திவரும் நிர்வாகக் குழுவினருக்கும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பவர்களுக்கும், அன்னதானப் பொறுப்பை ஏற்றிருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். அன்னதானத்துக்கு வேண்டிய காய்கறிகளையும் பூசைக்கு வேண்டிய பழங்களையும் நம் வட்டாரத்தில் அந்தந்தப் பருவத்தில் விளைபவையாகப் பார்த்து, பாசார் தானி என்று நாம் சொல்லும் உழவர் சந்தையில் கடை போடும் விவசாயிகளிடமே வாங்குங்கள். திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது போய் நிற்காமல், அவர்கள் விதை போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இதை உங்களிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என்னைப் போன்ற ஒரு வீட்டுக்காரி வாரத்துக்கு இரண்டு கட்டுக் கீரை வாங்குவாள். அடுத்த வாரம் வருவாளா, மாட்டாளா என்பது கடைக்காரருக்குத் தெரியாது. சாப்பாட்டுக் கடைக்காரர் நாளைக்கு வேண்டியதை இன்றிரவு சொல்வார். உங்கள் கையிலோ பஞ்சாங்கம் இருக்கிறது. தைப்பூசம் என்றைக்கு, ஆடி வெள்ளிகள் எவை, பங்குனி உத்திரம், நவராத்திரி, கந்த சஷ்டி எல்லாம் எந்தெந்தத் தேதிகளில் வருகின்றன என்பது உங்களுக்கு ஓராண்டுக்கு முன்பே தெரியும். எத்தனை பேர் பந்தியில் அமர்வார்கள் என்பதும் சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் ஏறத்தாழத் தெரிந்துவிடும். நாளும் அளவும் தெரிந்து வாங்குபவர் கிடைப்பது ஒரு சிறு விவசாயிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்களிடம் பேசிப் பார்த்தால் உணர்வீர்கள்.

தண்டுக்கீரையும் கங்கோங் கீரையும் விதைத்து நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். வெண்டைக்கும் பயத்தங்காய்க்கும் ஏழு வாரம் போல ஆகும். கத்தரி நாற்று நட்டால் இரண்டு மாதமாவது பொறுக்க வேண்டும். பூசணிக்கு ஏறக்குறைய மூன்று மாதம். இந்த நாள்கணக்கு விவசாயிக்கு மனப்பாடம். திருவிழாக் கணக்கு உங்களுக்கு மனப்பாடம். இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்க இதுவரை யாரும் உட்காரவில்லை என்பதே என் ஆதங்கம்.

நான் அன்னதானக் கூடத்தில் காய் நறுக்கும் பெண்களில் ஒருத்தி. வார இறுதியில் காலையில் பாசார் தானிக்குப் போவது என் வழக்கம். இரண்டு இடங்களையும் பார்ப்பதால்தான் இந்த மடல். கூடத்தில் நாங்கள் நறுக்குவது பெரும்பாலும் முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். திருவிழா எதுவானாலும், மாதம் எதுவானாலும் அதே நான்கு காய்கள். ஆலயத்திலிருந்து சற்றுத் தூரத்தில் கூடும் சந்தையில், அதே வாரத்தில், புடலையும் பீர்க்கும் பூசணியும் விலை போகாமல் மதியம்வரை கிடக்கின்றன.

பாசார் தானி எதற்காக வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். விளைபொருளைச் சந்தைப்படுத்துவதற்கென்றே 1965இல் அமைக்கப்பட்டது ஃபாமா வாரியம். இடைத்தரகர் இல்லாமல் விவசாயி தன் பொருளைத் தானே விற்க வேண்டும் என்ற நோக்கத்தில், அந்த வாரியம் 1985இல் பாசார் தானியைத் தொடங்கியது. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, ஒரு திடலிலோ கார் நிறுத்துமிடத்திலோ கூடாரம் போட்டு, விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்குள் கலைந்துவிடும் சந்தை. இன்று அங்கே நாசி லெமாக் கடைகளும் துணிக்கடைகளும் பெருகிவிட்டன. மொத்தச் சந்தையில் வாங்கிவந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் பிழைக்க வேண்டியவர்கள்தாம், குறை சொல்லவில்லை. ஆனால் நாம் தேடிப் போவது விளைவித்தவரை. அவரை அடையாளம் காண்பது கடினமன்று. அவர் கடையில் நான்கைந்து பொருள்களுக்கு மேல் இருக்காது. ஆப்பிளும் ஆரஞ்சும் கேரட்டும் கீரையும் ஒரே மேசையில் இருந்தால் அது வாங்கி விற்கும் கடை. எந்த ஊர்த் தோட்டம், என்றைக்குப் பறித்தது என்று கேட்டால், விளைவித்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார். சிலர் மைகேப் சான்றிதழையும் கடையில் மாட்டியிருப்பார்கள். மருந்து தெளிப்பதிலும் அறுவடையிலும் ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் தோட்டங்களுக்கு அரசு தரும் சான்று அது.

நான் வழக்கமாக வாங்கும் ஒரு கடையைப் பற்றிச் சொல்கிறேன். கெடா எல்லையோரத்திலிருந்து வரும் வயதான தம்பதி. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறிய பிறகு குத்தகை நிலத்தில் காய்கறி போடுகிறார்கள். முருங்கைக்காய், புடலங்காய், பாகற்காய், இரண்டு வகைக் கீரை, அவ்வளவுதான் அவர்கள் கடை. புடலங்காய் நேராக வளர நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்த நூல் சில காய்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாகற்காயைப் பழ ஈ துளைக்காமல் காக்க, பிஞ்சிலேயே காகித உறை மாட்டி வளர்க்கிறார்கள். உறையைப் பிரித்தால், வெயில் படாத வெளிர்பச்சையில் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கும். ஒவ்வொரு காய்க்கும் ஒரு காகிதம், ஒரு முடிச்சு. அந்த அம்மாவின் விரல் நுனிகளைப் பார்த்தாலே வேலை தெரியும்.

ஒருநாள் அந்த ஐயாவிடம், இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போடலாமே என்று கேட்டேன். போடலாம் அம்மா, யார் வாங்குவது என்று திருப்பிக் கேட்டார். வார இறுதியில் விற்று முடியும் அளவுக்குத்தான் அவர் பாத்தி கட்டுகிறார். மிஞ்சினால் மாட்டுக்குப் போடவேண்டும், அல்லது அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க வேண்டும். கோயில்களிலிருந்து கேட்டு வருவதுண்டா என்றேன். வருவார்கள், திருவிழாவுக்கு மூன்று நாளைக்கு முன் வந்து நூறு கிலோ பீன்ஸ் இருக்கிறதா என்பார்கள், இல்லை என்றதும் போய்விடுவார்கள் என்றார். இரண்டு மாதத்துக்கு முன்னால் சொன்னால் என்ன தருவீர்கள் என்றேன். கத்தரியா, வெண்டையா, எது வேண்டுமோ அதைச் சொல்லச் சொல், தனிப் பாத்தியே போட்டுவிடுகிறேன் என்று உடனே பதில் வந்தது. இந்த மடலை எழுதவைத்தது அந்தப் பதில்தான்.

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மன் ஆலயங்களில் கூட்டம் அலைமோதும் மாதம் அது. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை. பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலைச்சரிவுகளில் ஜூன், ஜூலையில் டுரியான் உச்சத்தில் இருக்கும். அதைத் தொட்டாற்போல் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் லங்சாட்டும் வந்து குவியும். நம் ஆண்டின் மிகச் செழிப்பான பருவம் இது. அந்தச் செழிப்பான வாரத்திலும் அம்மனுக்கு எடுத்துச் செல்லும் அர்ச்சனைத் தட்டில் இருப்பது சீனாவிலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ கப்பலேறி வந்த ஆப்பிள். அதன்மேல் ஒட்டியிருக்கும் எண் சீட்டைக்கூடச் சில தட்டுகளில் உரிப்பதில்லை. அதே வேளையில் மங்குஸ்தீன் விலை சரிந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டுபடியாகவில்லை என்று தோட்டக்காரர்கள் வருந்துகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மங்குஸ்தீனைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சிறு பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழ் உண்டோ, உள்ளே அத்தனை சுளை. பாலிக் புலாவிலிருந்து வரும் ஒரு மலாய் அம்மையார் எனக்குக் காட்டித் தந்தது இது. மக்சிக் (மலாயில் அத்தை), நல்ல பழமாகப் பார்த்துக் கொடுங்கள் என்றால், தோலைக் கட்டைவிரலால் மெல்ல அமுக்கிப் பார்த்து, கல்லாக இறுகிப்போனதை ஒதுக்கிவிட்டு எடுத்துத் தருவார். ரம்புத்தானில் முடியைப் பார்க்க வேண்டும். காலையில் பறித்த பழத்தின் முடி நுனிவரை பச்சையாகவோ சிவப்பாகவோ விறைத்து நிற்கும். இரண்டு மூன்று நாளில் கறுத்துச் சுருண்டுவிடும். தொலைதூரம் கொண்டுபோய் அடுக்கிவைத்து விற்பதற்கு ஏற்ற பழமன்று அது. பறித்த அன்றே கை மாறி, அன்றே உண்ணப்பட வேண்டியது. ஒரே காலைப்பொழுதில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பிரசாதம் பெறும் ஆலயத்தைவிட அதற்குப் பொருத்தமான இடம் எது? தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு என்ற மரபை மாற்றச் சொல்லவில்லை. அவற்றோடு சேர்த்து வைக்கும் பழம் எதுவாக இருக்கலாம் என்பதைக் குருக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வாழைப்பழத்திலும் ரஸ்தாளி, பெராங்கான், மாஸ் என்று நம்மூர் வகைகள் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. பஞ்சாமிர்தத்துக்கு ரஸ்தாளியின் மணம் தனி.

தைப்பூசத்தின் கதை வேறு. அது வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பினாங்கில் வறண்ட காலம். ஆனால் ஆண்டிறுதி மழையில் கேமரன் மலையிலும் கிழக்குக் கரையிலும் விளைச்சல் அடிபட்டு, அதன் தாக்கம் நம் சந்தையில் தெரிந்துகொண்டே இருக்கும். சீனப் புத்தாண்டும் பெரும்பாலும் இதே சில வாரங்களில் வருவதால் முட்டைக்கோஸ், பூக்கோஸ், தக்காளி எல்லாவற்றுக்கும் கிராக்கி. விடுமுறைக்கு மொத்த வியாபாரிகள் கடையடைப்பதும் உண்டு. விலை உச்சத்தில் இருக்கும் காயை, உச்சத்தில் இருக்கும் வாரத்தில், மிகப் பெரிய அளவில் நாம் வாங்குகிறோம். பக்தர்களின் நன்கொடைப் பணம் அது.

முருகன் ஆலயம் இருக்கும் தண்ணீர்மலை அடிவாரம்வரை நீளும் பந்தல்களில் ஊற்றப்படும் சாம்பாருக்கு மலைக்காய்தான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சமவெளியில் விளையும் பூசணி, கத்தரி, வெண்டை, முருங்கை, பயத்தங்காய், வாழைக்காய் போதும். பூசணியை அறுக்காமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. ஆகவே சீனப் புத்தாண்டு விலையேற்றத்துக்கு முன்பே வாங்கி அடுக்கிவிடலாம். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நம் மண்ணில் எளிதாக விளைபவை. பலாப்பிஞ்சு கிடைத்தால் அதைப் பிரட்டலாகச் செய்து பாருங்கள், பந்தியில் மறுபடி கேட்பார்கள். சாயுர் மானிஸ் என்று இங்கே சொல்கிற தவசிக்கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் அதன் பச்சை நிறம்கூட மங்காது. சமைப்பவர்களுக்கு இவையெல்லாம் தெரியும். வாங்கித் தராததால் சமைக்கவில்லை, அவ்வளவே.

பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் எங்கிருந்து வருகின்றன என்று நாம் விசாரிக்கிறோம். அதே அக்கறை மற்ற மாதங்களுக்கும் வேண்டும். சித்திரையில் மாம்பழம், பெர்லிஸ் மாநிலத்தின் ஹருமானிஸ் வகை ஏப்ரலிலிருந்து ஜூன்வரை சந்தைக்கு வரும், விலை கூடுதல்தான் என்றாலும் அபிஷேகத்துக்கு நான்கு பழம் வாங்க முடியாதா? புரட்டாசியில் வீட்டுக்கு வீடு சைவம் என்பதால் காய்கறிக்குத் தேவை கூடுகிறது. ஜூலையிலேயே சொல்லிவைத்தால் புரட்டாசிக்குக் கத்தரியும் வெண்டையும் தயார்.

எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதிதான். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது நம் சமையலறைகளில் என்ன பாடு பட்டோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2024 முடியும் வேளையில் தேங்காய்க்கும் தட்டுப்பாடு வந்தது. தைப்பூசத்தில் உடைக்கும் தேங்காயின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது அதற்குப் பிறகு இன்னும் அழுத்தமாகக் காதில் விழ வேண்டும். அந்தச் சங்கத்தை நீண்ட காலம் வழிநடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், வீட்டுத் தோட்டத்தைப் பற்றியும் நஞ்சில்லா உணவைப் பற்றியும் ஓயாமல் பேசியவர். தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் இந்த மாநிலத்துக்குப் புதிதன்று.

உங்கள் தரப்புச் சிரமங்களையும் நான் அறிவேன். முட்டைக்கோஸை நறுக்க ஐந்து நிமிடம். கீரையை ஆய்ந்து மண் போக அலசுவதற்கு நான்கு பேர் வேண்டும். கைகள் குறைவாக இருக்கும் இடத்தில் சுலபமான காயைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. இதற்கு வழி, தொண்டர்களை முதல் நாள் மாலையே அழைப்பதுதான். காலையில் வரமுடியாத, வேலைக்குப் போகும் பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் மாலையில் வருவார்கள். கீரையை மட்டும் காலைக்கு விட்டுவிட்டு, பயத்தங்காயையும் முருங்கையையும் மாலையிலேயே முடித்துவிடலாம்.

ரசீது வேண்டும், கணக்காய்வில் காட்ட வேண்டும் என்பீர்கள். நியாயம். பொதுப்பணத்துக்குக் கணக்கு இருந்தே ஆக வேண்டும். சந்தைக் கடைக்காரரிடம் சிறு ரசீதுப் புத்தகம் இருந்தாலே போதும். இல்லையென்றால் ஆலயமே பற்றுச்சீட்டு எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம். அளவு பெரிதாகும்போது வட்டார விவசாயிகள் அமைப்பை அணுகுங்கள். பல சிறு விவசாயிகளின் விளைச்சலை ஒன்றுசேர்த்துத் தரவும் அவர்களால் வழி சொல்ல முடியும். சமையலை ஒப்பந்தத்துக்கு விடும் ஆலயங்கள், இன்னின்ன காய்கள் உள்ளூர் விளைச்சலாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

வாங்குபவர் விட்டுக்கொடுக்க வேண்டியவையும் உண்டு. முன்பணம் தாருங்கள், விதைக்கும் உரத்துக்கும் அவர் கடன் வாங்கக் கூடாது. மழையால் நூறு கிலோவுக்கு எழுபதுதான் வந்தால் திட்டாதீர்கள், மீதியைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். வளைந்த புடலங்காயை ஒதுக்காதீர்கள். சாம்பாரில் விழுந்த பிறகு எது வளைந்தது, எது நேரானது என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும்விட முக்கியமாக, சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். வேறிடத்தில் கிலோவுக்கு இருபது சென் குறைவாகக் கிடைக்கிறது என்று கடைசி நாளில் பின்வாங்கினால், அவர் உழைப்பு முழுவதும் பாத்தியிலேயே முற்றிப்போகும். ஆலயத்தின் பெயரால் கொடுக்கும் வாக்குக்கு நம் மக்களிடம் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பை நம்பித்தான் அவர் கூடுதலாக ஒரு பாத்தி போடுவார்.

உடனே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வரும் ஆண்டுக்கான நாட்காட்டியை எடுத்துவையுங்கள். ஒரு திருவிழாவைத் தேர்ந்தெடுங்கள். ஆடி வெள்ளியில் ஒன்றாக இருந்தால் பழங்களும் சேர்ந்து கிடைக்கும் என்பதால் அதுவே என் விருப்பம். அன்றைய பந்திக்கு இரண்டு காய், ஒரு கீரை என்று முடிவு செய்யுங்கள். பொருளாளரும் தலைமைச் சமையல்காரரும் ஒரு வார இறுதிக் காலையில், வெயில் ஏறும் முன், பாசார் தானிக்குப் போய் மூன்று நான்கு விவசாயிகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். எவ்வளவு வேண்டும், எந்தத் தேதியில் வேண்டும், யார் ஏற்றிவருவது, முன்பணம் எவ்வளவு என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். மறு ஆண்டு என்ன செய்வது என்பதை அந்த ஒரு நாள் பந்தி முடிந்த பிறகு பேசலாம்.

உங்கள் ஆலயத்துக்கு அருகில் எந்த நாளில் சந்தை கூடுகிறது, அங்கே தாமே விளைவித்து விற்பவர்கள் யார் என்பதைக் காட்டிக்கொடுக்க நான் உடன் வரத் தயார். காய் நறுக்கும் எங்கள் பெண்களும் முதல் நாள் மாலையே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரிவாள்மனையும் கத்தியும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
அன்னதானக் கூடத்தில் காய் நறுக்கும் ஓர் அடியவள்,
புக்கிட் மெர்தாஜாம்